வலைநூலில் ஒரு தலையளவு

அத்தியாயம் 5

"செத்துப்போற மனுசன் பொலித்தீனை நாலா மடிச்சு வைப்பானோ, ஸரீனா?"

சேர் இப்படிக் கேட்டபோது நான் நிறஞ்சலாக்கா தந்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புரையேறிவிட்டது.

"வீட்டில நல்லாப் பழக்கியிருந்தால் மடிப்பான் சேர்."

அவர் சிரிக்கவில்லை. அந்தோனிமுத்து சேர் சிரித்து நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பல் வலியில். முப்பது வருடம் தபால் கந்தோரில் விலாசம் பிழைத்த கடிதங்களுக்கு ஆள் கண்டுபிடித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஆட்களுக்கே விலாசம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். நான் அவருடைய ஓட்டோக்காரி, உதவியாளர், திட்டு வாங்குகிற ஆள், எல்லாம். அவருக்கு மன்னார் டவுனில் ஒற்றை அறை. எனக்கு எருக்கலம்பிட்டியில் ஒரு வீடு. இடம்பெயர்ந்துபோன உம்மாவும் தங்கைகளும் புத்தளத்திலேயே தங்கிவிட்டதால் அதில் நான் மட்டும். பின்னேரம் ஆனால் வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் எங்கள் இருவருக்குமே இல்லை. எங்கள் கூட்டுத்தொழில் நடப்பதற்கு அதுதான் காரணம்.

நாங்கள் இருந்தது தாழ்வுபாட்டில், நிறஞ்சலாக்காவின் வீட்டில். மேசையில் மூன்று பொருட்கள். ஒரு சோடி செருப்பு, உடுக்கிற சாரம் ஒன்று, தலையில் மாட்டுகிற லைட் ஒன்று. மூன்றும் அவருடைய கணவர் ஜஸ்ரினுடையவை. இருபத்தொன்பது நாட்களுக்கு முன் விடியற்காலையில் நண்டு பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. பொருட்கள் கீரிக் கடற்கரையில் கிடந்தன. கடல் இழுத்துவிட்டது என்று பொலிஸ் எழுதி முடித்துவிட்டது.

"நாளையிண்டைக்கு முப்பத்தோராம் நாள்," என்றார் நிறஞ்சலாக்கா. "செத்தவைக்கு வைக்கிற பூசையில வாசிக்கப் பேர் தரச்சொல்லிப் பங்குச் சாமி ஆள் அனுப்பினவர். நாளைக்கு விடியக் குடுக்கவேணும். உயிரோட இருக்கிற மனுசனுக்கு நான் செத்த பூசை குடுத்தால், என்ர கையால மண் போட்ட மாதிரி. செத்துப்போனவருக்குக் குடுக்காமல் விட்டால் அவற்ற ஆத்துமம் என்ன பாடுபடும்? ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ ஐயா. எந்தச் சொல்லெண்டாலும் தாங்குவன். தெரியாமல் இருக்கத்தான் ஏலாமல் கிடக்கு."

அடுப்படியில் இரண்டு கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. இருபத்தொன்பது நாளாக இரண்டு பேருக்குச் சமைக்கிறாராம். அளவு மாற்றக் கை வரவில்லையாம். நான் எனக்கு மட்டும் சமைத்தே பழகியவள். இரண்டு பேருக்குச் சமைத்து ஒருவர் சாப்பிடுவது அதைவிடக் கொடுமை என்று அன்றுதான் உணர்ந்தேன்.

சேர் லைட்டைக் கையில் எடுத்தார்.

"இருட்டில நண்டு பிடிக்கப் போறவன் லைட்டைத் தலையில போட்டுக்கொண்டெல்லோ கடலுக்குள்ள இறங்குவான்? இது கரையில, செருப்புக்குப் பக்கத்தில என்ன செய்துது?"

"அலை கொண்டுவந்து போட்டிருக்கும் எண்டு பொலிஸ் சொன்னது," என்றேன்.

"அலை செருப்பைச் சோடியாவோ கொண்டுவந்து வைக்கும்?"

"எங்கட ஊர் அலை வலு ஒழுங்கு சேர்."

அவர் முதலே கண்டு வைத்திருந்த அந்த மடித்த பொலித்தீன் பையை லைட்டின் இலாஸ்டிக் பட்டிக்குள்ளிருந்து உருவினார். தாழ்வுபாட்டு மீனவர்கள் எந்த லைட்டையும் நம்புவதில்லை. தண்ணீர் போகாது என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், அதைப் பொலித்தீன் பையால் சுற்றி, சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர் வளையத்தைப் போட்டுத்தான் கடலுக்குக் கொண்டுபோவார்கள். கரைக்கு வந்ததும் பையைக் கழற்றி, உதறி, நாலாக மடித்துப் பட்டிக்குள் செருகி வைப்பார்கள். அடுத்த நாளைக்கும் அதே பைதான்.

"கடலுக்குப் போறவன் பையைச் சுத்துவான். வந்தவன் மடிப்பான்," என்றார் சேர். "இது மடிச்சிருக்கு. தான் கடலுக்குள்ள போனதாக் காட்ட நினைச்சவற்ற கை, பழகின வேலையைச் செய்துபோட்டுது. லைட்டைக் கழட்டி வைக்கிறதெண்டால் பையை மடிக்கவேணும். முப்பது வருசப் பழக்கம். அம்மா, உங்கட மனுசன் அண்டைக்குக் கடலுக்குள்ள இறங்கேல்ல."

நிறஞ்சலாக்கா கதிரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எங்க?"

"இன்னும் தெரியாது."

பையை விரித்தார். சிவப்பு எழுத்து பளிச்சென்று இருந்தது. 'சரிபுதீன் ஸ்ரோர்ஸ், எருக்கலம்பிட்டி.'

"அந்தக் கடையில நாங்கள் ஒருநாளும் சாமான் வாங்கினதில்லை," என்றார் நிறஞ்சலாக்கா.

"பை புதுசு. உப்பில ரெண்டு கிழமை அடிபட்டிருந்தால் எழுத்துப் போயிருக்கும்." சேர் ஒரு இஞ்சி டொபியை வாயில் போட்டார். அவர் யோசிக்கத் தொடங்கினால் அது கரையும்வரை யாரும் பேசக்கூடாது. கரைந்ததும் கேட்டார். "போறதுக்கு முன்னம் அவரில ஏதும் மாற்றம் தெரிஞ்சதோ?"

"நான் எங்க ஐயா கவனிச்சன்? அம்மா ஆறு வருசம் படுக்கையில. அவவைத் தூக்க, திருப்ப, துடைக்கவே எனக்குப் பொழுது சரி. அவ செத்து, அவவின்ர முப்பத்தோராம் நாளும் முடிஞ்சு ஒரு கிழமையில இவர் காணாமல் போட்டார். சாப்பாடு குறைஞ்சிருந்தது. கவலையாக்கும் எண்டு நினைச்சன்." பிறகு, சொல்லலாமா என்று யோசிப்பதுபோல, "ஒருநாள் மத்தியானம் அசந்து படுத்திட்டன். என்ர தலையை மெல்லத் தடவினவர். அரைகுறை நித்திரையில தெரிஞ்சது. இருபது வருசத்தில அப்பிடித் தொட்டதில்லை. அது பயணம் சொன்னதெண்டு இப்பதான் விளங்குது," என்றார்.

"சொந்தக்காரர்?"

"கீரியில ஒரு தமக்கை, றஞ்சிதம். பதினொரு வருசமாக் கதை பேச்சில்லை. அவவிட்ட ஒருத்தரும் போறதுமில்லை. இவற்ற செய்தி சொல்லி ஆள் அனுப்பினன். வரேல்ல."

சேர் தலையை ஆட்டினார். நாங்கள் எழும்பினோம்.

*

சரிபுதீன் நானா எங்கள் ஊர்தான். கடையில் கயிற்றிலிருந்து கத்தரிக்கோல் வரை எல்லாம் தொங்கும். நடக்கும்போது தலை குனியாவிட்டால் ஏதாவது ஒரு வாளி முட்டும். ஜஸ்ரினின் படத்தைப் பார்த்ததும் நானாவுக்கு ஆள் ஞாபகம் வந்துவிட்டது.

"இவரை மறப்பனோ? ஒரு தலை லைட் வாங்க ஒண்டரை மணித்தியாலம் நிண்டவர். என்ர மகளுக்கு மாப்பிள்ளை பாக்கவும் நான் அவ்வளவு நேரம் எடுக்கேல்ல."

"எல்லாத்தையும் எடுத்துக் காட்டுங்கோ," என்றார் சேர். "அவர் பார்த்த ஒழுங்கில."

நானா ஐந்து லைட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். முதலாவது பெரியது. இருநூறு மீற்றர் தூரம் அடிக்குமாம். காட்டுக்குப் போகிறவர்கள் கேட்பதாம். "வேண்டாமெண்டவர். கண்ணைப் பிடுங்குதாம்." இரண்டாவதுக்குப் பற்றரி பின்தலையில். ஏணியில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு நல்லது. "அதுவும் வேண்டாம். கழுத்து நோகுமாம், கனநேரம் குனிஞ்சு நிக்கிற வேலையாம்." மூன்றாவதைத் தண்ணீருக்குள் போட்டு எடுக்கலாம். அதைக் கையால் தொட்டும் பார்க்கவில்லையாம். நான்காவதில் ஒளி ஒரு பொட்டாக விழுந்தது. "எனக்குப் பரந்து விழவேணும், கிட்டத்தில விழவேணும் எண்டவர்."

ஐந்தாவது சின்னது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. போன் வயரில் சார்ஜ் ஆகும். கீழ்நோக்கிச் சாய்க்கலாம். ஒருமுறை அழுத்தினால் மங்கலான வெள்ளை, நீட்டி அழுத்தினால் சிவப்பு.

"இதை எடுத்தவர். சிவப்பு எவ்வளவு நேரம் எரியுமெண்டு மூண்டு தரம் கேட்டவர். விடியும்வரை எரியுமெண்டன்."

நான் அதை முக்காட்டுக்கு மேலே மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். "சேர், எனக்கு விளங்கிட்டுது. சிவப்பு வெளிச்சத்தைத் தூரத்தில இருந்து காணேலாது. குனிஞ்ச வேலை, கிட்டத்து வேலை. ஆள் கள்ளக் கடலட்டை ஏத்துறார். இல்லையெண்டால் வங்காலைச் சரணாலயத்தில பறவை பிடிக்கிறார். ரெண்டுமில்லையெண்டால் புதையல்."

"வேற?"

"வேற பெண்சாதி. ஆனால் அதுக்கு லைட் தேவையில்லை."

நானா இருமினார். சேர் என்னைக் கடைக்குப் பின்னாலிருந்த களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போய் அரிசிச் சாக்கில் இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். நல்ல இருட்டு.

"கண்ணை மூடும். நித்திரையெண்டு நினையும்."

மூடினேன். வெள்ளை வெளிச்சம் வந்தது. மூடிய இமைக்குள்ளேயே கூசியது. முகத்தைத் திருப்பினேன்.

"இப்ப?"

"நூத்திட்டீங்கள். வெளிச்சமே இல்லை."

"நூக்கேல்ல. கண்ணைத் திறவும்."

திறந்தேன். சிவப்பு வெளிச்சத்தில் சேர் என் முகத்துக்கு நேரே குனிந்து நின்றார். எனக்குத் தெரியவே இல்லை.

"கள்ளனுக்கெண்டால் கையில பிடிக்கிற ரோச் காணும்," என்றார். "இது ரெண்டு கையும் வேணுமெண்ட ஆளுக்கு. விடியும்வரை குனிஞ்சு நிக்கிற ஆளுக்கு. முன்னால படுத்திருக்கிறவர் முழிக்கக்கூடாதெண்டு நினைக்கிற ஆளுக்கு. நோயாளியைப் பாக்கிறவைக்கு வாங்கின லைட் இது, ஸரீனா."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. கடைக்குள் திரும்பி வந்தபோது நானா மேசை லாச்சிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்டு. பட்டி எல்லாருக்கும் ஒரே அளவுதான், இழுத்துச் சரிப்பண்ணலாமெண்டு சொன்னன். கேக்கேல்ல. இழுத்துச் சரிப்பண்ணுற வளையம் தலைமயிரைப் பிடுங்குமாம். அளவாத் தைச்சுத் தாங்கோ எண்டு இதைத் தந்தவர்."

வலைநூல். ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூட. இரண்டு இடத்தில் முடிச்சு. வலைக்கண் அளவெடுக்கிற முடிச்சு அது, எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த முடிச்சு ஒரு தலையை அளந்திருந்தது.

"நான் பட்டியை வெட்டி, வளையத்தைக் கழட்டிப்போட்டுத் தைச்சுக் குடுத்தன். வீட்டில மாமியாற்ற முப்பத்தோராம் நாள் சாப்பாடு, கெதியாப் போகவேணும் எண்டு ஓடினவர்." நானா கொஞ்சம் தயங்கினார். "புதினம் என்னெண்டால், போன கிழமை அதே லைட்டை ஒரு அம்மா கொண்டுவந்தவ. பட்டி பெரிசாம், வழுகி மூக்கில விழுதாம். வச்சிட்டுப் போங்கோ, நாளைக்குத் தைச்சுத் தாறன் எண்டன். ஒரு இரவும் இது இல்லாமல் ஏலாதெண்டுபோட்டு, ரெண்டு ஊசி வாங்கிக் குத்திக்கொண்டு போட்டா. கீரிப் பக்கம்தான்."

"போச்சு!" என்றேன். "நிறஞ்சலாக்காவுக்கு எப்பிடிச் சேர் சொல்லப்போறம்? நான் பகிடிக்குச் சொன்னது உண்மையாப் போச்சே."

சேர் வலைநூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார்.

"கோபக்காரத் தமக்கை எப்பிடியெண்டு உமக்குத் தெரியாதோ? பதினொரு வருசம் கதைக்காட்டிலும், தம்பி செத்தானெண்டால் முதல் ஆளா வந்து நிண்டு, ஊரைக் கூட்டி அழுவா. உயிரோட இருக்கேக்க விட்ட கதையெல்லாத்தையும் சொல்லி அழுவா. வரேல்லயெண்டால்?"

"செத்தவீடு இல்லையெண்டு அவவுக்குத் தெரியும்," என்றேன்.

*

கீரிக்குப் போய்ச் சேர மம்மலாகி, இருட்டத் தொடங்கிவிட்டது. கடைசி வீடு அது. அதற்கு அப்பால் பனையும் மணலும் கடலும்தான். நாயும் இல்லை, கோழியும் இல்லை. ஆள் வருவதில்லை என்று அந்த வேலியைப் பார்த்தாலே தெரிந்தது. படலையைக் கட்டியிருந்த கயிறு அதே இடத்தில் கிடந்து துருவேறிய கம்பியோடு ஒட்டிப்போயிருந்தது.

ஜன்னலில் சிவப்பு வெளிச்சம் மெல்ல அசைந்தது.

சேர் கூப்பிட்டார். வெளிச்சம் நின்றது. கதவைத் திறந்தவர் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மெலிந்த அம்மா. கையில் லைட்டைக் கழற்றி வைத்திருந்தார். நெற்றியின் குறுக்கே பட்டி அழுத்திய கோடு.

"ஒருத்தரும் இல்லை இஞ்ச," என்றார் றஞ்சிதம்.

"அப்ப ஆருக்காக அம்மா மெல்லமாக் கதைக்கிறீங்கள்?" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு அழத் தொடங்கினார். பதினொரு வருடத்துக் கோபமும் சேர்ந்த அழுகை அது. கொஞ்ச நேரம் ஆனது.

உள்ளே கட்டிலில் ஜஸ்ரின் கிடந்தார். படத்தில் பார்த்த ஆளில் பாதி. கண்ணும் மூக்கும் மட்டும் மிச்சம்.

"ஈரலில கட்டி," என்றார். "கொழும்பில காட்டினனான். சில மாசமாம். நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியும் ஐயா. காலில விழுந்து கேக்கிறன், பூசை நடக்கட்டும். கடல் கொண்டுபோட்டுது எண்டு இருக்கட்டும். கடல் கொண்டுபோனவனுக்கு மனுசி ஒருக்கா அழுதால் காணும். கட்டிலில கிடக்கிறவனை ஒவ்வொரு நாளும் தூக்கவேணும்."

"அவ ஆறு வருசம் தாயைப் பார்த்தவ எல்லோ?"

"அதாலதான். மாமிக்கு வெள்ளை லைட் போட்டால் கத்தி எழும்புவா. பேந்து விடியும்வரை ரெண்டு பேருக்கும் நித்திரையில்லை. நான் பக்கத்து அறையில கிடந்து கேப்பன். என்ர நோயைக் கேள்விப்பட்டதும் முதல்ல அதுதான் ஞாபகம் வந்தது. என்னைப் பாக்கேக்கயெண்டாலும் இவள் இப்பிடிக் கஸ்ரப்படக்கூடாது. அதுக்குத்தான் தேடித் தேடி வாங்கினன். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், முப்பத்தோராம் நாள் சனமெல்லாம் போட்டுது. அவள் அடுப்படி நிலத்தில இருந்தாள். என்னைக் காணேல்ல. தனக்குத்தானே சொன்னாள். 'இனி இந்தச் சென்மத்தில ஒரு நோயாளியையும் பாக்க என்னால ஏலாது. கோயிலில நிக்கிற அந்தோனியார் வந்து படுத்தாலும் ஏலாது.'"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"லைட்டை முதுகுக்குப் பின்னால மறைச்சன். ஒரு கிழமை மறைச்சு வச்சன். பேந்து அக்காவிட்ட வந்தன். பதினொரு வருசம் கதைக்காதவ, கதவைத் திறந்து ஒண்டும் கேக்காமல் பாயை விரிச்சவ."

சேர் சட்டைப் பையிலிருந்து வலைநூலை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தார். ஜஸ்ரின் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"தம்பி, எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்டுதான். ஒரு சாமானில ஆற்ற பேர் இருக்கோ அவையிட்டக் கொண்டுபோய்க் குடுக்கிறது. இதில உம்மட அக்காவின்ர பேர் இல்லை. நித்திரையில ஒருத்தியின்ர தலையைச் சுத்தி நூலைப் போட்டு அளந்தது நீர். அது பயணம் சொன்னதெண்டு அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா."

சேர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பத் தேவையுமில்லை. நான் ஓட்டோவை ஸ்ரார்ட் பண்ணிவிட்டேன்.

*

தாழ்வுபாட்டிலிருந்து நிறஞ்சலாக்காவை ஏற்றிக்கொண்டு கீரிக்குத் திரும்பினேன். வழியிலேயே நான் எல்லாவற்றையும் சொன்னேன். நோயைச் சொன்னேன், லைட்டைச் சொன்னேன், அடுப்படியில் அவர் சொன்ன அந்த வசனத்தையும் சொன்னேன். மறைத்தால் என்னால் ஓட்டோவை நேரே ஓட்ட முடிந்திருக்காது. அவர் மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். அன்றும் இரண்டு பேருக்குத்தான் சமைத்திருந்தார்.

உள்ளே போனவர் கட்டிலுக்கு முன் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். திட்டினார்.

"களைச்சுப்போய் ஒருநாள் சொன்னன். ஒரே ஒருநாள்! ஆறு வருசம் நான் செய்தது உங்கட கண்ணுக்குத் தெரியேல்ல. வாயால சொன்னது மட்டும் காதில விழுந்துது, என்ன? நான் உங்களைப் பாக்க மாட்டனெண்டோ சொன்னனான்? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களோ?"

ஜஸ்ரினின் முகம் முழுக்கத் தண்ணீராக இருந்தது.

நிறஞ்சலாக்கா மைத்துனியிடம் கை நீட்டினார். றஞ்சிதம் லைட்டைக் கொடுத்தார். பட்டியில் குத்தியிருந்த இரண்டு ஊசிகளையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கொண்டையைத் தூக்கிப் பிடித்து நிறஞ்சலாக்கா அதை மாட்டினார். கச்சிதமாக இருந்தது. வழுகவில்லை, இறுக்கவில்லை. கையை எடுத்தவர், திரும்பவும் அந்தப் பட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

"மச்சாள், நீங்கள் சாப்பிட்டிட்டுப் படுங்கோ," என்றார். "இண்டைக்கு நான் முழிச்சிருக்கிறன்."

சேரும் நானும் வெளியே வந்தோம்.

"பூசைக்குப் பேர் கேட்டால் என்ன சேர் சொல்லுறது?"

"நோயாளியளுக்காக வாசிக்கிற பேர்களும் இருக்கு. அதில சேர்க்கச் சொல்லுவம்."

சேர் ஓட்டோவில் ஏறினார். பின்னால் ஜன்னலில் சிவப்பு வெளிச்சம் மெல்லக் குனிந்தது.

"வீட்டுக்குக் கெதியாப் போகவேணுமோ, ஸரீனா?"

"இல்லை சேர். உங்களுக்கு?"

அவர் இரண்டு இஞ்சி டொபிகளை எடுத்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் ஓட்டோவை மெதுவாக ஓட்டினேன்.